முரண் விளையும் நிலம்

(திருப்பூரில் ஒரு ஞாயிறு மாலை, இளம் எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கதையில் முரண் எப்படிப் பிறக்கிறது, பிறந்த முரண் எப்படிப் படிப்படியாக ஏறி உச்சத்தைத் தொடுகிறது? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இந்த ஊரில் கதைக்குப் பஞ்சமா? பனியன் தைக்கும் பேட்லாக் மெஷின் முன்னால் குனிந்திருப்பவரிடம் ஒரு கதை. கைமடிக்கும் சிறுமியாக வந்து இன்று லைன் முழுவதையும் மேய்க்கிற அம்மாவிடம் ஒரு கதை. தேனியிலிருந்து பஸ் ஏறி வந்தவரிடம் ஒன்று. ஒடிசாவிலிருந்து ரயில் ஏறி வந்தவரிடம் ஒன்று. கதை குவிந்து கிடக்கிறது. ஆனால் நம் இளைஞர்கள் எழுதித் தரும் கையெழுத்துப் படிகளைப் படிக்கும்போது ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. முதல் பக்கத்தில் ஒரு பெண் அழுகிறாள். ஐந்தாம் பக்கத்திலும் அழுகிறாள். பத்தாம் பக்கத்தில் முதலாளி திட்டுகிறார், மறுபடி அழுகிறாள். அவள் கண்ணீர் உண்மை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் முதல் பக்கத்துக்கும் பத்தாம் பக்கத்துக்கும் இடையில் என்ன வளர்ந்தது? துன்பம் இருக்கிறது, வளர்ச்சி இல்லை. அதனால்தான் வாசகர் பாதியில் புத்தகத்தை மூடி வைக்கிறார். மூடி வைத்தவர்மேல் கோபித்துப் பயனில்லை.

வளர்ச்சி என்கிறேனே, அதற்கு இலக்கணம் உண்டா? உண்டு. 1863இல் ஜெர்மனியில் குஸ்டாவ் பிரைடாக் என்பவர் நாடகத்தின் போக்கை ஏறி இறங்கும் ஒரு கூம்பாக வரைந்து காட்டினார். உலகமெங்கும் எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் அந்தக் கூம்பைத்தான் பலகையில் போடுகிறார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளைப் பேசிவிட்டார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். வடமொழி நாடக நூலாரும் சொல்லும் இந்த ஐந்தையும் அவர் வயலில் வைத்து விளக்குகிறார். உழுத நிலத்தில் இட்ட விதை முளைவிடுவது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று தன்னுள் கதிரைச் சுமந்து நிற்பது கருப்பம். கதிர் முற்றித் தலை சாய்வது விளைவு. அறுத்துப் போரடித்துத் தூற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் உண்பது துய்த்தல்.

இதில் கவனிக்க வேண்டியது எது? ஐந்தில் நடுவில் இருக்கும் மூன்று. விதைப்பதும் அறுப்பதும் சில நாள் வேலை. இடைப்பட்ட மாதங்கள்தான் பயிர். நம்மவர் கதைகளில் விதைப்பு இருக்கிறது, அறுவடையும் இருக்கிறது. இடையில் நாற்றும் இல்லை, சூல்கொண்ட பயிரும் இல்லை. கருப்பம் என்ற அந்த நிலையை நினைத்துப் பாருங்கள். வெளியே பார்த்தால் பச்சைத் தாள்தான் தெரியும். உள்ளே கதிர் இருக்கிறது. இனி அந்தப் பயிர் பின்னால் போக முடியாது. நல்ல கதையின் நடுப்பகுதி இப்படித்தான் இருக்கும்: பேச்சு சாதாரணமாக நடக்கும், சமையல் நடக்கும், பஸ் பிடிப்பார்கள், ஆனால் திரும்பிப் போகும் வழி ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டே வரும்.

வழி அடைபடுவது. இந்த ஒன்றைத்தான் இன்று முழுவதும் சொல்லப்போகிறேன்.

உரையாசிரியரைச் சொன்னோம், அவர் உரை எழுதிய காப்பியத்துக்கே போவோம். கோவலன் பொருளை எல்லாம் இழந்துவிட்டான். மிச்சம் இருப்பது கண்ணகியின் சிலம்பு. மதுரைக்குப் போய் அதை விற்றுப் பிழைப்போம் என்று கிளம்புகிறார்கள். கதை இங்கேயே மதுரைக்குத் தாவியிருக்கலாம். இளங்கோ தாவவில்லை. வழியில் ஒரு வாசலைத் திறந்து காட்டுகிறார். மாதவியின் கடிதத்தோடு கோசிகன் என்ற தூதன் வந்து கோவலனைக் கண்டுபிடிக்கிறான். கடிதத்தைப் படித்த கோவலனுக்குத் தவறு தன்னுடையது என்று புரிகிறது. அப்படியானால் அவன் திரும்பலாம் அல்லவா? பெற்றோர் புகாரில் தவித்துக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா? திரும்பவில்லை. அந்த ஓலையைப் பெற்றோரிடமே காட்டச் சொல்லி அனுப்பிவிட்டு மேலே நடக்கிறான். திறந்த வாசலைத் தன் கையாலேயே சாத்துகிறான். விதி சாத்தியிருந்தால் பரிதாபப்பட்டிருப்போம். அவனே சாத்துவதால் நமக்கு நெஞ்சு பதறுகிறது.

பிறகு மதுரை. கொலை ஆணை பிறக்கும் அந்தக் கணத்தைப் பாருங்கள். பாண்டியன் கொடுங்கோலனா? இல்லை. ஆடல் மகளிர்மேல் அரசன் கண் போனதென்று அரசி ஊடல் கொண்டு, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அவன் அந்தப்புரம் நோக்கி விரைந்துகொண்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்துப் பொற்கொல்லன் காலில் விழுகிறான். மனைவியின் ஊடல் தீர வேண்டும் என்ற அவசரம், காணாமல்போன அரசியின் சிலம்பு கிடைத்துவிட்டது என்ற செய்தி, இரண்டும் ஒரே நொடியில் மோதுகின்றன. விசாரிக்கப் பொறுமை இல்லை. ஒரு மனிதனின் தலை போகிறது. அரசன் மாளிகையில் ஒரு கணவன் மனைவி பிணக்கும், இடையர் சேரியில் கண்ணகி சமைத்துப் போட்ட சோறும் ஒரே நாளில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. பொற்கொல்லன் ஒருவனைத் தவிர இதில் யாரும் தீமை செய்ய நினைக்கவில்லை. அவரவருக்கு வேண்டியதை அவரவர் நாடினார்கள், அவ்வளவுதான்.

அது காப்பியம், அரசர் கதை, எங்களுக்கு எப்படி உதவும் என்று பின்வரிசையில் ஒரு தம்பி நினைப்பது எனக்குக் கேட்கிறது. சரி, நம் மண்ணுக்கே வருகிறேன்.

ஆர். சண்முகசுந்தரம். 1917இல் அந்நாளைய கோவை மாவட்டத்துத் தாராபுரம் வட்டம் கீரனூரில் பிறந்தவர். அந்தத் தாராபுரம் இன்று நம் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. இருபத்தைந்து வயதை ஒட்டிய பருவத்தில் அவர் எழுதிய ‘நாகம்மாள்’ 1942இல் வெளிவந்தது. கு. ப. ராஜகோபாலன் அதற்கு முன்னுரை எழுதினார். தமிழின் முதல் வட்டார நாவல் என்று அதைச் சொல்கிறார்கள். வட்டாரம் இருக்கட்டும். கதையில் முரணை வளர்க்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியாது. சின்ன நாவல்; ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

கதை என்ன? நாகம்மாள் கணவனை இழந்தவள், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். தன் பங்கைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கிறாள். அவ்வளவுதான் விதை. கொங்கு நாட்டில் பாகப்பிரிவினை என்ன அதிசயமா? ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு நடப்பது. ஆனால் அந்த விதை எப்படி முளைக்கிறது பாருங்கள். சின்னப்பன் கெட்டவனா? உழைப்பாளி, சாது. அவன் மனைவி ராமாயி கெட்டவளா? இல்லை. நாகம்மாள் கேட்பது அநியாயமா? தன் மகளுக்கும் தனக்கும் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பது அநியாயமா? அதுவும் இல்லை. சின்னப்பனின் மாமியாருக்கு மகளையும் மருமகனையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ள ஆசை. அது ஒரு தாயின் ஆசை. ஊரில் சிலருக்குச் சின்னப்பன்மேல் பழைய மனத்தாங்கல். நாகம்மாளின் கேள்வி அவர்களுக்கு வசதியாகிறது. கெட்டியப்பன் என்ற முரடன் அவள் பக்கம் நிற்கிறான். ஒவ்வொருவரும் ஒரு பிடி எரு போடுகிறார்கள். நாகம்மாள் முதல் நாள் கேட்ட பங்கும் நாவலின் முடிவில் கேட்கும் பங்கும் ஒரே பங்குதான். ஆனால் முதல் நாள் அது ஒரு பெண்ணின் மனக்குறை; கடைசியில் அது ஊரின் பகை. அந்த நிலத்திலேயே சின்னப்பன் கெட்டியப்பனால் அடிபட்டுச் சாகிறான்.

நாகம்மாள் கொலையை விரும்பினாளா? எந்த நாளில் அவள் நிறுத்தியிருக்கலாம்? இந்தக் கேள்வியோடு அந்த நாவலை இன்னொரு தடவை படியுங்கள். நிறுத்தியிருக்கக்கூடிய இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும் அவளுடைய வீம்போ, மற்றவரின் ஒரு சொல்லோ, ஊரார் முன் பட்ட அவமானமோ குறுக்கே வருகிறது. ஆசிரியர் குரலை உயர்த்துவதே இல்லை. அடைபட்ட வழிகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிக்கொண்டே போகிறார்.

இப்போது பனியன் கம்பெனிக்குள் வருவோம். இந்த மேடையிலேயே ஒரு கதையை விதைத்துப் பார்க்கலாமா? கற்பனைக் கதைதான். செல்வி என்று ஒரு பெண். காங்கயம் பக்கத்துக்காரி. கணவன் இறந்தபின் அவளைத் திருப்பூருக்குக் கூட்டி வந்து, தன் வீட்டிலேயே இரண்டு வருடம் வைத்துச் சோறு போட்டவர் அவளுடைய அண்ணன். அவர் ஒரு கம்பெனியில் லைன் கான்ட்ராக்டர். செல்வி அதே இடத்தில் செக்கிங்கில் இருக்கிறாள். சனிக்கிழமை ஷிப்மெண்ட்.

வழக்கமாக இதை எப்படி எழுதுவோம்? கொடுமைக்கார முதலாளி, சம்பள பாக்கி, செல்வி எதிர்த்துப் பேசுகிறாள், வெளியே தள்ளுகிறார்கள், முற்றும். முதலாளிக்கு எந்த மனப்போராட்டமும் இல்லை, செல்விக்கும் இல்லை. அவள் பேசுவாள் என்று முதல் வரியிலேயே தெரியும். கொடுமை நடக்காத ஊர் என்று நான் சொல்ல வரவில்லை. கொடுமை நடக்கிறது. அதை வாசகர் உணர வேண்டுமானால் இப்படி எழுதினால் போதாது என்கிறேன்.

வேறு மாதிரி விதைப்போம். செவ்வாய்க்கிழமை செல்வி பீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். தோள் தையலில் ஊசி ஓட்டை. ஒன்று, இரண்டு என்று பார்த்தால் ஒரு பண்டல் முழுவதும் ஓட்டை. மழுங்கிப்போன ஊசியை மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். யாருடைய லைன்? அண்ணன் லைன். இப்போதே சொன்னால் என்ன ஆகும்? ஒரு திட்டு, ஒரு பண்டல் டேமேஜ். சின்ன விலை. ஆனால் அண்ணன் மூன்று நாளாகத் தூங்காத முகத்தோடு நிற்கிறார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பண்டலைக் கட்டி மேசைக்கு அடியில் தள்ளி வைக்கிறாள்.

புதன்கிழமை பீஸ் கணக்கு இடிக்கிறது. ஒரு பண்டல் காணோம். செல்விக்குப் பக்கத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் வேலை செய்கிறாள். தமிழ் இன்னும் சரியாக வாயில் வரவில்லை. பீஸை எப்படிப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே செல்விதான். சந்தேகம் அந்தப் பெண்மேல் விழுகிறது. செவ்வாயன்று காத்த மௌனத்துக்குச் செல்வி ஒருத்தியே பொறுப்பு. இன்று அதன் சுமை இன்னொருத்தி தலையில். இப்போது சொன்னால் டேமேஜ் மட்டுமா? ஒளித்து வைத்தது யார் என்ற கேள்வியும் வரும்.

வியாழக்கிழமை, சொல்லியே தீருவது என்று அண்ணனிடம் போகிறாள். “ஏனுங்ண்ணா...” என்று ஆரம்பிப்பதற்குள் அவர் முந்திக்கொள்கிறார். “அம்மிணி, உம் பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டிப் போட்டேன். அட்வான்ஸ் வாங்குனதுல இருந்துதான். நீ ஒண்ணும் ரோசன பண்ணாத.” அவருக்குப் பண்டல் விஷயம் எதுவும் தெரியாது. அன்பினால் செய்தார். ஆனால் அந்த அன்பு தங்கையின் வாயைக் கட்டிவிட்டது. வில்லனின் மிரட்டலைவிட நல்லவர் ஒருவரின் உதவி எத்தனை பெரிய தடையாக வந்து நிற்கிறது, பாருங்கள்!

வெள்ளி இரவு. அந்தச் சின்னப் பெண்ணை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஹாஸ்டலில் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். காலையில் பையரின் ஆள் சரக்கைப் பார்க்க வருகிறார். செல்விக்கு இருப்பது இந்த ஓர் இரவு. செவ்வாயன்று ஒரு திட்டோடு போயிருக்க வேண்டியது, இன்று அண்ணனின் பிழைப்பையோ ஒரு சிறு பெண்ணின் மானத்தையோ கேட்கிறது. அவள் என்ன செய்வாள்? முடிவை நான் சொல்லப்போவதில்லை. உங்களில் பத்துப் பேர் எழுதினால் பத்து முடிவு வரும். பத்தும் சரியாக இருக்கும். காரணம், வெள்ளிக்கிழமை வரை பயிர் ஒழுங்காக வளர்ந்திருக்கிறது.

இந்த நான்கு நாளில் ஏதாவது ஒரு நாளை எடுத்துவிட்டுப் பாருங்கள். வியாழனை எடுத்தால் வெள்ளியின் கனம் பாதியாகிவிடும். புதனை எடுத்தால் வெள்ளியே இல்லை. எடுத்தாலும் குறை தெரியாத பகுதி முழுமையின் பகுதியே ஆகாது என்று அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் சொல்கிறார். உங்கள் கையெழுத்துப் படியை இன்று இரவே இந்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள். எதை எடுத்தாலும் கதை அப்படியே நிற்கிறதா? அப்படியானால் நீங்கள் நிகழ்ச்சிகளை அடுக்கியிருக்கிறீர்கள், வளர்க்கவில்லை.

அடுத்து, இந்த ஊர் எழுத்தாளர்களுக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். நம் ஊரின் வரலாறே பெரிய பெரிய நிகழ்ச்சிகளால் ஆனது. 1932 ஜனவரி 10ஆம் தேதி ஊர்வலத்தில் அடிபட்டு மறுநாள் உயிர் நீத்தார் கொடி காத்த குமரன். 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2011 ஜனவரி 28ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. எழுத உட்காரும்போது இவை நம்மை இழுக்கும். எழுதத்தான் வேண்டும். ஆனால் உச்சக்கட்டமாக இவற்றை வைக்காதீர்கள். ஏன்? வாசகருக்கு முடிவு தெரியும். கொடியை விடமாட்டார் குமரன் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த முடிவை நோக்கி ஏறுவதில் பதற்றம் எங்கே வரும்? அன்று ஊர்வலத்துக்குப் போவதா வேண்டாமா என்று வாசற்படியில் தயங்கி நின்ற ஒருவனை எழுதுங்கள். அவன் முடிவு யாருக்கும் தெரியாது.

அந்த 127 நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் நடந்த போராட்டத்தைச் செய்தித்தாள் எழுதிவிட்டது. எழுத்தாளர் போக வேண்டிய இடம் அடுப்படி. முதல் வாரம் வீட்டில் உற்சாகம். ஒரு மாதம் கழிந்ததும் மளிகைக் கடைக்காரர் நோட்டை மூடுகிறார். மூன்றாம் மாதம் மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. அதற்குப் பின் ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரர் இரவில் ரகசியமாக வேலைக்குப் போய் வருவது தெரிகிறது. அவர் இவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது பணம் கொடுத்தவர். காட்டிக்கொடுப்பதா? வேலைநிறுத்தத்தின் ஒவ்வொரு நாளும் இங்கே ஒரு வழியை அடைத்துக்கொண்டே வருகிறது. 127 என்ற எண் அப்போதுதான் வாசகரின் வயிற்றில் உறைக்கும்.

நொய்யல் ஆறு கதைக்கு இன்னும் பெரிய நிலம். சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’யை 1998இல் எழுதி, சாயக்கழிவு என்ற பொருளையே தமிழ் நாவலுக்குக் கொண்டுவந்தார். எம். கோபாலகிருஷ்ணன் ‘மணல் கடிகை’யில் ஐந்து நண்பர்களின் வாழ்வை இந்த ஊரின் வளர்ச்சியோடு பல ஆண்டுகளுக்கு நீட்டிப் பார்த்தார். நாவலில் முரண் ஏறும் வேகம் வேறு. அங்கே ஒரு வழி அடைபடப் பத்து வருடம்கூட ஆகலாம், அடைபட்டது பாத்திரத்துக்கே தெரியாமலும் போகலாம். இந்த இருவரையும் படிக்காமல் திருப்பூரைப் பற்றி எழுதத் தொடங்காதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவர்களோடு முடிந்துவிட்டதா? ஒரத்துப்பாளையம் அணையை நினைத்துப் பாருங்கள். பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய அணை. தேங்கியது சாயக்கழிவு. அந்த அணைக்குக் கீழே ஒரு குடியானவர். அவர் மகன் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறான். அப்பாவின் தென்னை பட்டுப்போவதும் மகனின் சம்பளம் வருவதும் ஒரே தண்ணீரால். நீதிமன்றம் பட்டறையை மூடச் சொன்ன நாளில் அந்த வீட்டில் யார் சிரிப்பார், யார் அழுவார்? இருவருமே நியாயமானவர்கள். இருவரும் ஒரே தட்டத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இதைவிடக் கூர்மையான முரண் எந்த நாட்டு இலக்கியத்தில் கிடைக்கும்? இது நம் காலடியில் கிடக்கிறது!

எங்கள் முதலாளியும் நியாயமானவர் என்று எழுதச் சொல்கிறீர்களா என்று ஒரு தோழர் முன்பொரு கூட்டத்தில் என்னிடம் கோபமாகக் கேட்டார். நல்ல கேள்வி. அநியாயத்தை நியாயம் என்று எழுதச் சொல்லவில்லை. அநியாயம் செய்பவருக்கும் ஒரு தேவை இருக்கும். அதைக் காட்டுங்கள் என்கிறேன். வெளிநாட்டுப் பையர் விலையைக் குறைக்கிறார், நூல் விலை ஏறுகிறது, வங்கித் தவணை நிற்கிறது. அந்த நெருக்குதல் முழுவதையும் அவர் தமக்குக் கீழே இருப்பவர்மேல் இறக்குகிறார். இப்படிக் காட்டினால் அவர் குற்றம் குறைந்துவிடுமா? இல்லை, கூடும். வேறு வழி இருந்தும் எளிய வழியை, எளியவர்களை நசுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார் என்பது அப்போதுதான் தெரியும். பாண்டியன் மேல் நமக்குக் கோபம் வருவது அவன் நல்லவன் என்று தெரிந்தபின்தானே?

தோழர்களே, இந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். ஆய்வறிக்கைகள் வந்துவிட்டன, ஆவணப்படங்கள் வந்துவிட்டன. செக்கிங் மேசைக்கு அடியில் தள்ளி வைத்த ஒரு பண்டலைப் பற்றி எழுத, அந்த மேசை முன்னால் நின்றவரால்தான் முடியும். நாளை திங்கள்கிழமை வேலைக்குப் போகிறீர்கள். அங்கே நியாயமான இரண்டு பேர் எதற்காக மோதிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். சனிக்கிழமை சம்பளம் வருவதற்குள் அவர்களுக்கு எந்தெந்த வழிகள் அடைபடுகின்றன என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஞாயிறு அதைக் கதையாக எழுதிக் கொண்டுவாருங்கள். நான் உட்கார்ந்து படிக்கிறேன்.